மே மாதத்தில் ஒரு கம்பளிக் கோட்டு

ஏப்ரல் 27, ஞாயிறு

ஸ்பெயினின் வலென்சியாவுக்குக் கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள். என் பட்டியல் தயார். சட்டை மூன்று, கால்சட்டை ஒன்று (போட்டிருப்பது தனி), உள்ளாடை நான்கு, நீச்சலுடை, செருப்பு, வெயிலுக்குப் பூசும் களிம்பு நூறு மில்லி. மூன்று இரவுக்கு இதற்கு மேல் தூக்குகிறவனுக்குப் பயணமே தெரியாது. முப்பது வருஷம் மரச்சாமான் கிடங்கில் லாரி ஏற்றியவன் நான். ஒரு லாரிக்குள் எத்தனை கட்டில் போகும் என்று வெளியே நின்றே சொல்லிவிடுவேன்.

இருக்கைக்கு அடியில் நுழைகிற பைதான் இலவசம். விமானம் ஏறும் வாசலில் ஓர் இரும்புக் கூண்டு வைத்திருப்பார்கள். பை அதற்குள் போகாவிட்டால் தண்டம். நானும் என் மனைவி கொரெட்டியும் இதுவரை பதினான்கு ஊர் போய் வந்திருக்கிறோம். ஒரு தடவைகூட அவர்களிடம் தண்டம் அழுததில்லை. பணம் பெரிதல்ல. தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த முறை வேறு ஒன்றும் இருக்கிறது. திரும்பி வரும் நாள், மே பத்தொன்பது, எங்களுடைய முப்பத்தைந்தாவது திருமண நாள். பிப்ரவரியில் பள்ளி அலுவலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கொரெட்டி சரியாக இல்லை. சண்டை என்று எதுவும் கிடையாது. கேட்டால் பதில் வருகிறது. ஆனால் ஆள் எங்கேயோ வெளியே போயிருக்கிற மாதிரி. இந்த நான்கு நாளில் அவளைப் பழையபடி ஆக்கிக் கூட்டி வந்துவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம்.

இன்று மதியம் அவள் கட்டிலில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்துத் திகைத்துப் போனேன். பச்சைக் கம்பளிக் கோட்டு!

“மே மாசம் அங்க முப்பது டிகிரி அடிக்கும் கொரெட்டி. இது எதுக்கு?”

“உடம்புல போட்டுக்கிட்டு வரேன். பையில இடம் புடிக்காது.”

ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. கோட்டில் நான்கு ஆழமான பைகள். இரண்டு கிலோ சாமான் உள்ளே போகும். உடுத்தியிருப்பதை யாரும் நிறுக்க முடியாது. போன வருஷம் ஃபாரோவுக்கு நான் மூன்று சட்டையும் இரண்டு கால்சட்டையும் மாட்டிக்கொண்டு போனபோது சிரித்தவள் இவள். கடைசியில் என் மாணவியாகிவிட்டாள்.

மே 1, வியாழன்

இந்த முறை டிக்கெட்டை நானே போடுகிறேன் என்று மார்ச்சிலேயே சொல்லிவிட்டாள். இன்று என் பயணச்சீட்டை அச்சடித்துக் கொடுத்தாள். போவதற்கு மட்டும்தான். திரும்புவதற்கு முந்தின நாள்தான் எடுக்க முடியுமாம். “உன் பேரு சரியா இருக்கான்னு பாத்துக்க” என்றாள். சரியாக இருந்தது.

காலையில் மழை. வழக்கம்போல அவளுக்குக் கோட்டுப் பொத்தான் போட்டுவிட்டேன். ஆறு பொத்தான். எங்கள் அயர்லாந்து ஊர் முலிங்கரின் ஈரத்தில் அவள் விரல் மூட்டெல்லாம் வீங்கி ஏழெட்டு வருஷமாகிறது. வேலை நின்ற பிறகும் காலை எட்டரைக்கு முன்வாசலில் அவள் நிற்க, நான் பொத்தான் போட, இது எங்கள் வீட்டு வழக்கம்.

“அந்த ஊர்ல குளிர்காலம்கூட நல்லா இருக்குமாம் மலாக்கி. டிசம்பர்லயும் வெயிலாம். விரல் மடங்குமாம்.”

குளிர்காலத்தில் போனால் ஸ்வெட்டர் வேண்டும், ஸ்வெட்டர் இருந்தால் பை மூடாது என்றேன். கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவள் நடக்கப் போய்விட்டாள்.

மே 4, ஞாயிறு

ஒத்திகை. இரண்டு பையையும் அடுக்கி, மீன் நிறுக்கும் தராசில் தூக்கிப் பார்த்தேன். என்னுடையது நாலரைக் கிலோ. அவளுடையது ஒன்பது! ஏரியில் நான் பிடித்த எந்த மீனும் அந்தக் கனம் இருந்ததில்லை. உள்ளே என்ன என்று கேட்டால், ‘தேவையானது’ என்கிறாள்.

சாப்பிடும்போது கேட்டாள்: “எனக்கு அங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு தோணுச்சுன்னா?”

“ஒரு நாள் கூடினா ஒரு சட்டை கூடும். கூண்டுக்குள்ள போவாது.”

சிரிப்பாள் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தாள்.

மே 8, வியாழன்

இன்றைக்குப் பார்த்தது: அவள் பையில் வெந்நீர்ப் பை. அடியில் தடித்த ஃபிளானல் விரிப்பு ஒன்று.

வெயில் ஊருக்கு வெந்நீர்ப் பை கொண்டுபோகிற மனுஷியை நான் கண்டதில்லை. கேட்டேன்.

“அங்க வீட்டுத் தரையெல்லாம் ஓடு பாவினது. டிசம்பர்ல சில்லுனு ஏறுமாம்.”

“நாம போறது மே மாசம். இதைப் போட்டா பை மூடாது.”

“தெரியும்.”

இரண்டையும் வெளியே எடுத்துவிட்டேன். விரிப்பு மட்டும் ஒன்றே முக்கால் கிலோ. அவள் தடுக்கவில்லை. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று தெரியவில்லை.

மே 11, ஞாயிறு

துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்ட எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எந்தக் குமிழை எங்கே திருப்புவது என்று தாளில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறாள். பக்கத்தில் ஆட்டிறைச்சிக் குழம்புக்குச் செய்முறை. நாலு நாள் ஊருக்குப் போவதற்கு இதெல்லாம் எதற்கு? நானும்தானே கூட வருகிறேன்? விரல் ரொம்ப வலிக்கிறது போலிருக்கிறது. பாவம்.

மே 15, வியாழன்

நாளைக்குப் பயணம். கடைசிச் சோதனையில் எங்கள் கல்யாணப் படம் அகப்பட்டது, கண்ணாடிச் சட்டத்தோடு. வரவேற்பறைச் சுவரில் அது இருந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. திருமண நாளுக்காக எடுத்திருக்கிறாள்! உண்மையைச் சொன்னால் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் கண்ணாடி நானூற்றுப் பத்து கிராம். சட்டத்தைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் என் புத்தகத்துக்குள் வைத்தேன்.

“கண்ணாடி இல்லாம மடங்கிடுமே” என்றாள்.

“மூணு நாள்ல என்ன மடங்கப் போவுது?”

அடுத்த வீட்டு டின்னி, ஏரிக்கு என்னோடு வருகிறவன், சாவி வாங்க வந்தான். “வெயில்ல பாத்துடா, உன் தலை வெந்துரும். தொப்பி வெச்சியா?” என்றான். தொப்பி மடிக்கவும் வராது, அடுக்கவும் வராது. வைக்கவில்லை.

மே 16, வெள்ளி. வலென்சியா

வென்றோம்.

டப்ளின் விமான நிலையத்தில் அவள் நின்ற கோலத்தைப் படம் எடுத்திருக்க வேண்டும். பச்சைக் கோட்டு, அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டை, காலில் குளிர்காலப் பூட்ஸ். முகம் சிவந்து வியர்வை ஊற்றியது. வரிசையில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். முன்னால் நின்றவன் கழுத்தில் நான்கு காலர் எண்ணினேன். கூண்டுக்குள் எங்கள் இரண்டு பையும் சுத்தமாக இறங்கின. நான் அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவை.

தங்குவது கடலுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. சொந்தக்காரி அம்பாரோ என்கிற அம்மாள் கீழேயே காத்திருந்து கொரெட்டியைக் கட்டிக்கொண்டாள், நெடுநாள் பழக்கம் போல. வீட்டுச் சாவி, தெருக்கதவுச் சாவி, தபால் பெட்டிச் சாவி எல்லாம் கொடுத்தாள். மூன்று இரவு விருந்தாளிக்குத் தபால் பெட்டி! ஸ்பெயின்காரர்களின் மரியாதை தனிதான்.

கொரெட்டி கோட்டை அலமாரிக்குள் ஹேங்கரில் மாட்டினாள். பூட்ஸில் தாள் திணித்து மூலையில் வைத்தாள். நான் என் பையைத் திறக்கவே இல்லை. அதற்குள்ளிருந்தே எடுத்துக்கொள்வது என் பழக்கம்.

மே 17, சனி

தலை வெந்துவிட்டது. டின்னியின் வாய்முகூர்த்தம். காதிலிருந்து காதுவரை தக்காளி நிறம். கொரெட்டி தயிர் பூசிவிட்டாள், சிரித்துக்கொண்டே. சிரித்தாள்! திட்டம் பலிக்கிறது.

பட்டியல் போட்டவனே தொப்பியை விட்டுவிட்டு வந்தான் என்று அவள் ஒர்லாவுக்குப் போனில் சொன்னாள். கார்க் நகரத்தில் இருக்கும் எங்கள் மகள் அந்தப் பக்கம் சிரிக்கவில்லை போலிருக்கிறது. “அப்பாகிட்ட சொல்லிட்டீங்களாம்மா?” என்று கேட்டது எனக்கே கேட்டது. திருமண நாள் பரிசு ஏதோ வைத்திருக்கிறார்கள். கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சந்தையில் அவள் ஒரு துடைப்பம் வாங்கினாள். நிஜமாகவே துடைப்பம், நீளக் கழி போட்டது. இதை எந்தக் கூண்டுக்குள் நுழைப்பாய் என்று கேட்டேன்.

“எந்தக் கூண்டுக்குள்ளயும் இல்ல” என்றாள்.

மே 18, ஞாயிறு

எழுத்து சரியாக வரவில்லை.

சாயங்காலம் நான்கு மணி. நாளைய விமானத்துக்குப் பயணச்சீட்டு எடுக்க அவள் போனை வாங்கினேன். பதிவு எண்ணைப் போட்டேன். ஒரே ஒரு பெயர். மலாக்கி. கீழே யாரும் இல்லை. மறுபடி போட்டேன். மலாக்கி.

விமானக் கம்பெனியை விட்டேனா? உதவி எண்ணைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். “என் பெண்டாட்டியைத் தொலைச்சிட்டீங்க” என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். அவ்வளவு நேரமும் கொரெட்டி எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். தன் விரலாலேயே. கத்தி இல்லாமல்.

“போனை வெய்யி மலாக்கி. அவங்க தப்பு பண்ணல.”

“உன் பேரு இல்லடி இதுல.”

“நான் எனக்கு வர்றதுக்கு மட்டும்தான் போட்டேன். திரும்பறதுக்குப் போடல.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போ நாளைக்கு எப்படி வருவ என்று கேட்டேன். அட மடையா. அப்படித்தான் கேட்டேன்.

“வரல. இந்த வீட்டை அடுத்த மே வரைக்கும் வாடகைக்குப் பேசியிருக்கேன்.”

“என்னை விட்டுட்டுப் போறியா?”

“விட்டுட்டுப் போறவ உன்னையும் கூட்டிக்கிட்டா வருவா? முப்பது வருஷமா எனக்கு வெயில்ல இருக்கணும்னு இருந்துச்சு. வருஷத்துக்கு மூணு நாள் கொடுத்த. எனக்கு அது பத்தல.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“மூணு தடவை சொன்னேன். மூணு தடவையும் நீ பை அளவு சொன்ன.”

உனக்கு யார் பொத்தான் போடுவார்கள் என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. அவள் தன் சட்டையைக் காட்டினாள். சின்னச் சின்ன முத்துப் பொத்தான். அத்தனையும் போட்டிருந்தது. காலையில் நான் தூங்கிக்கொண்டிருந்தபோது தானே போட்டிருக்கிறாள்.

அப்புறம் சொன்னாள்: “நீயும் இரேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். என்றைக்காவது படித்து வெட்கப்படட்டும் இந்த ஆள்.

“மூணு சட்டைதான் கொண்டுவந்திருக்கேன்” என்றேன்.

மே 19, திங்கள்

திருமண நாள். விமானத்தில் பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு பையன் வாய் பிளந்து தூங்கினான். என் பை இருக்கைக்கு அடியில். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை காலால் தொட்டுப் பார்த்தேன்.

நான் கிளம்பும்போது பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். “கோவமா?” என்றாள். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டேன். தலையில் அவள் காலையில் பூசிய தயிர் காய்ந்து இழுத்தது.

மே 20, செவ்வாய். முலிங்கர்

மழை. பையைக் காலி செய்தேன். கல்யாணப் படம் புத்தகத்துக்குள் இல்லை, அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நல்லவேளை.

இந்த நாட்குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். மே ஒன்று. மே நான்கு. மே எட்டு. மூன்று தடவை. என் கையெழுத்தில். அவள் சொன்னது ஒவ்வொன்றையும் வார்த்தை பிசகாமல் எழுதி வைத்திருக்கிறேன், கீழே என் பதிலோடு. கோட்டு, பூட்ஸ், விரிப்பு, படம், துடைப்பம் — குருடனுக்குக்கூட விளங்கியிருக்கும். நான் நிறுத்துப் பார்த்தேன்.

ஜூன் 2, திங்கள்

டின்னியிடம் மறைக்க முடியவில்லை. ஊருக்கே தெரியும் போலிருக்கிறது.

“உன் பெண்டாட்டி கோட்டு மாட்டிக்கிட்டுப் போனப்பவே என் வீட்டுக்காரி சொன்னா, அவ திரும்ப மாட்டான்னு.”

“எல்லாரும்தானே மாட்டிக்கிட்டுப் போறாங்க?”

“கோட்டு சரி. பூட்ஸை எவன்டா மெனக்கெட்டுத் துடைச்சு பாலிஷ் போட்டு மாட்டுவான், வெயில்ல நாலு நாள் சுத்த?”

பாலிஷ் போட்டிருந்ததை நான் பார்க்கவே இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

ஞாயிறுதோறும் போன் செய்கிறாள். பேசுவதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. மழை பெய்தது, மீன் கிடைக்கவில்லை. ‘சாப்பிட்டியா?’ ‘ஆச்சு.’ வைத்துவிடுகிறேன். வைத்தபிறகு கால் மணி நேரம் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒர்லா வந்திருந்தாள். நன்றாகக் கத்திவிட்டேன் அவளிடம். எல்லாம் தெரிந்துகொண்டு அம்மாவுக்கு உடந்தையாக இருந்தாய் என்று. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அம்மா உங்களை ஏமாத்தலப்பா. மறைக்கணும்னா உங்க கண்ணு முன்னாடியே கட்டில்ல கோட்டை எடுத்து வெப்பாங்களா? நீங்க கேப்பீங்க கேப்பீங்கன்னு பாத்தாங்க.”

கேட்டேனே என்றேன். ‘இது எதுக்கு’ என்று கேட்டேனே.

“பதிலைக் கேட்டீங்களா?” என்றாள்.

அக்டோபர் 3, வெள்ளி

காலை எட்டரைக்கு நான் முன்வாசலில் போய் நிற்கிறேன். தினமும். ஏன் என்று இன்றுதான் உறைத்தது. பொத்தான் போட ஆள் இல்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

போனில் அவள்: “நேத்து ராத்திரி தரை லேசா சில்லுனு இருந்துச்சு.” அவ்வளவுதான் சொன்னாள். கேட்கவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை.

முதல் தடவையாக நான் பை அளவு எதுவும் சொல்லவில்லை. “வேற என்ன வேணும் உனக்கு?” என்று கேட்டேன்.

தேயிலைப் பொட்டலம் என்றாள், அங்கே கிடைப்பது வெறும் வெந்நீர் என்றாள். மூக்கை உறிஞ்சினாள். நானும்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

புதிய பட்டியல். ஃபிளானல் விரிப்பு. வெந்நீர்ப் பை. கண்ணாடிச் சட்டம், துண்டில் சுற்றி. தேயிலை நான்கு பெட்டி. என் சட்டை — எண்ணாமல் போட்டேன். தொப்பி.

பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினேன், ஒர்லா கல்லூரிக்குக் கொண்டுபோனது. மீன் தராசு அதைத் தூக்கவில்லை, கொக்கி நிமிர்ந்துவிட்டது. விமானத்தின் வயிற்றில் போடுகிற பெட்டிக்குப் பணம் கட்டிப் பதிந்தேன். பதினான்கு ஊரில் ஒரு தடவைகூடத் தண்டம் அழாதவன். தோற்றுப்போய்விட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 13, வியாழன்

டின்னியிடம் சாவி கொடுத்தேன். “எப்பத் திரும்புவ?” என்றான். திரும்புவதற்கு டிக்கெட் போடவில்லை என்றேன். எனக்கே அதிர்ச்சிதான்.

“மீனெல்லாம் எனக்கா அப்போ?” என்றான்.

நவம்பர் 14, வெள்ளி. வலென்சியா

பெட்டியை மூன்று மாடி ஏற்றியதில் மூச்சு வாங்கியது. இங்கே வெயில், ஆனால் நிழலில் நின்றால் குளிர்கிறது. முலிங்கரில் மாட்டிய கோட்டோடு வாசலில் நின்றேன். பெட்டியைத் தூக்கிய கைகள் விறைத்துப் பொத்தானைப் பிடிக்க வரவில்லை. கொரெட்டி வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஐந்து பொத்தான். அவசரமே இல்லாமல். விரல்கள் நேராக இருந்தன.

அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எத்தனை நாள் என்று கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து தன் பச்சைக் கோட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, என்னுடையதை ஹேங்கரில் மாட்டினாள்.

படத்தில் ஒரு மூலை மடங்கியிருந்தது. சட்டத்துக்குள் வைத்து அழுத்திவிட்டேன்.

இந்த நாட்குறிப்பில் டிசம்பர் வரைதான் தாள் இருக்கிறது. அடுத்த வருஷத்துக்கானது இங்கே எந்தக் கடையில் கிடைக்கும் என்று அம்பாரோவைக் கேட்க வேண்டும்.